ஆவி காட்டாத பட்டு

மலை இறங்கி வருகிற காற்று எங்கள் ஊரில் முதலில் கழுத்தைத்தான் பிடிக்கும், கழுத்தைப் பிடித்தால் மூன்று நாள் படுக்கையில் போடும், ஆகையால் நீலியோடையில் ஒரு பெண் மொபெட்டில் போனாலும் சரி, நடந்து போனாலும் சரி, ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் சரி, கழுத்தில் ஒரு பட்டுத்துணி இல்லாமல் இருக்கமாட்டாள். சேலை சாயம் போயிருக்கலாம், செருப்பு அறுந்திருக்கலாம், அந்தத் துணி மட்டும் பளிச்சென்று இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதை ஸ்கார்ஃப் என்பார்கள், நாங்கள் கழுத்துப்பட்டு என்போம். மேசைமேல் வைத்து வாயால் ஊதினால் எழுந்து பறக்கிற அளவுக்கு லேசான பட்டு, அதில் பூவும் கொடியும் அச்சடித்தது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் கழுத்துப்பட்டைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் இந்தக் காற்று கிடையாது.

எல்லாம் திருமூர்த்தியின் பட்டறையில் அச்சாகிறவை. ஓடைக்கரையில் தகரக்கூரை போட்ட நீளக் கட்டடம், உள்ளே நீள மேசை, மேசைமேல் கம்பளி விரித்து, கம்பளிமேல் பட்டை ஒட்டி, அதன்மேல் பூ வடிவம் பதித்த வலைச் சட்டத்தை வைத்து, இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியும் நின்று ரப்பர் கட்டையால் சாயத்தை இழுப்பார்கள். இவள் தள்ள அவள் வாங்க, அவள் தள்ள இவள் வாங்க, ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். மகுடேஸ்வரியும் ருக்குமணியும் அப்படி எதிரெதிரே எட்டு வருஷம் நின்றவர்கள். அச்சான பட்டை உடனே கட்டிக்கொள்ள முடியாது. சுருட்டி ஆவிப்பெட்டிக்குள் வைத்து ஒரு மணி நேரம் ஆவி காட்டவேண்டும், அப்போதுதான் சாயம் உள்ளே இறங்கி நிற்கும், அதுவரைக்கும் பட்டு எதையும் விடும் எதையும் வாங்கும் என்று பட்டறையில் சொல்வார்கள். ஆவி காட்டிய துணியின் மூலையில் ஒரு சின்ன முடிச்சுப் போடுவது வழக்கம். முடிச்சு இருந்தால் விற்கலாம், இல்லாவிட்டால் தொடக்கூடாது.

மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்குகிற நாள்வரை திருமூர்த்தி ஆவிப்பெட்டிக்கு நெருப்பு மூட்டமாட்டார். ஆத்தா ஊருக்குள் இருக்கும்போது எதையும் கொதிக்க வைக்கக்கூடாது என்று அவர் அப்பா காலத்து ஏற்பாடு. அந்த வருஷம் அப்படி இருநூற்று நாற்பது கழுத்துப்பட்டுகள், கொன்றைப்பூவும் பூக்களுக்கு நடுவே சின்னச் சின்ன மீனும் போட்டவை, ஆவிக்காகக் காத்துக் கிடந்தன. கம்பம் பிடுங்குகிற அன்று மகுடேஸ்வரிக்குக் கோர்ட்டில் வாய்தா. வந்து சுருக்காக வேலையை முடிக்கலாம் என்று அவள் முந்தின நாளே உட்கார்ந்து இருநூற்று நாற்பதுக்கும் முடிச்சுப் போட்டுவைத்துவிட்டுப் போனாள். கோர்ட்டில் அவளைச் சாயங்காலம்வரை நிற்கவைத்து வேறொரு தேதி கொடுத்து அனுப்பினார்கள். அதற்குள் திருமூர்த்தி முடிச்சைப் பார்த்தார், கம்பம் நடுவதற்கு முன்பே ஆவி காட்டியவை என்று நினைத்துத் திருவிழாக் கடையில் பரப்பினார், நாங்கள் அள்ளிக்கொண்டோம். மறுநாள் எங்கள் கழுத்துகளில் மகுடேஸ்வரி அவற்றைப் பார்த்தாள். சாயம் போகும், திட்டுவார்கள், அதற்கு மேல் என்ன ஆகிவிடும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

சாயம் போகவில்லை. தபாலாபீஸ் சரசாளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்த தழும்பு குறுக்கே ஓடியிருக்கும், கவுண்டரில் பணம் கட்ட வருகிற குழந்தைகள் அதையே பார்க்கும். ஒரு மத்தியானம் அவள் கழுத்துப்பட்டைக் கழற்றாமல் தூங்கிவிட்டாள். எழுந்து முகம் கழுவும்போது கண்ணாடியில் தழும்பைக் காணோம். பட்டில் இருந்தது. கொன்றைப்பூக்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று இடம் விட்டிருக்க, நடுவே வெளிறிய ஒரு கொடி, தையல் போட்ட புள்ளிகளெல்லாம் கொடியின் இலைகளாக. சரசாள் கத்தவில்லை. வேலைக்குப் போனாள், முத்திரை குத்தினாள், கேட்டவர்களிடம் "போயிருச்சுங்க" என்றாள். ஜலதோஷம் போனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள், நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டோம்.

அதன்பிறகு ஊரில் பகல் தூக்கம் அதிகமாகிவிட்டது. அம்மைத் தழும்பு உள்ளவர்கள் முகத்தை மூடித் தூங்கினார்கள், வடைச் சட்டியில் கை சுட்டுக்கொண்டவர்கள் கையில் சுற்றித் தூங்கினார்கள், நாய் கடித்தவள் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டாள், கல்யாணத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தன் பெயரை முழங்கைக்கு மேலே பச்சை குத்திக்கொண்டு பதினாறு வருஷம் நீளக்கை ஜாக்கெட்டே போட்டிருந்தவள் புருஷன் சந்தைக்குப் போன நேரத்தில் படுத்து அவன் வருவதற்குள் எழுந்தாள். எல்லாம் பட்டில் ஏறின. அம்மைப்புள்ளி கேழ்வரகு தூவியதுபோல ஏறியது, தீப்புண் மேகமாக ஏறியது, நாய்ப்பல் பிறையாக ஏறியது. மீன்கள் மட்டும் அந்த இடங்களை விட்டு ஓரத்துக்கு நீந்திப் போய்விட்டன. அழகாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

இரண்டு விஷயங்கள் சீக்கிரமே தெரிந்தன. ஒன்று, தழும்பு ஏறிய பட்டை வேறு யாராவது கட்டிக்கொண்டு தூங்கினால் தழும்பு அவர்களிடம் இறங்கிவிடும். நாய் கடித்தவள் கொடியில் காயப்போட்ட பட்டு காற்றில் பறந்து, தொழுவத்தில் படுத்திருந்த கன்றுக்குட்டியின் மேல் விழுந்து, மறுநாள் பார்த்தால் கன்றின் தொடையில் ஆறிப்போன நாய்க்கடி. அது பிறந்ததிலிருந்து எந்த நாயும் அதன் பக்கம் போனதில்லை, ஆனால் அன்றிலிருந்து நாயைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இன்னொன்று, பட்டுக்குச் சூடு காட்டக்கூடாது. மடிப்பு எடுக்கலாம் என்று சரசாள் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள், வைத்த மாத்திரத்தில் தொண்டை எரிந்து தரையில் உருண்டாள். வெளியே போனது வெளியே போனதுதான், ஆனாலும் ஒரு நூல் எங்கேயோ எங்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே பட்டுகளைக் கட்டிக்கொள்ளவும் முடியவில்லை, கொளுத்தவும் முடியவில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்தோம். தொட்டால் மணிக்கட்டின் உள்பக்கம்போல வெதுவெதுவென்று இருந்தது. மூடிய பெட்டி காலையில் ஒரு விரற்கடை அளவு திறந்திருந்தது. பூட்டினால் பூட்டு அசைகிற சத்தம் கேட்டது, ஓடைத் தண்ணீர் இழுக்கிற சத்தத்தோடு சேர்ந்து கேட்டதால் அதுவும் பழகிவிட்டது.

மகுடேஸ்வரி மட்டும் அந்தப் பட்டைத் தொடவில்லை, பழைய பருத்தித் துண்டையே சுற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்குத்தான் அது எங்கள் எல்லாரையும்விட அதிகம் தேவை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவள் கழுத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். காதுக்குக் கீழே தொடங்கித் தாடை, கழுத்து, தோள்பட்டை என்று எண்ணெய் வழிந்த வழியெல்லாம் சதை உருகி இறுகியிருக்கும். அவள் புருஷன் நல்லசிவம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஜ்ஜிக்கடை வைத்திருக்கிறான். அடுப்பு வெடித்து எண்ணெய் சிதறியது, அணைக்கப் போய் என் கையும் வெந்தது என்று அவன் சொன்னான். ஆஸ்பத்திரியில் மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்திருந்ததால் மகுடேஸ்வரியும் அதையே சொன்னாள். பிறகுதான் கேஸ் போட்டாள். நடந்தது என்னவென்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் நாலு மணிக்கு அவன் கடையில் கூட்டம் நிற்கும், நாங்கள்தான் நிற்போம், பஜ்ஜி நன்றாக இருக்கும்.

அவள் தாடையில் அந்தத் தழும்புக்கு நடுவே நான்கு பட்டைகள் வேகாமல் சுத்தமாக இருந்தன. நான்கு விரல்கள். அவன் இடது கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சட்டியைச் சாய்த்தபோது, விரல் இருந்த இடத்தில் எண்ணெய் படவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் இது எழுதப்படவில்லை. போட்டோ எடுத்தால் ஜோடித்தது என்பார்கள், அடுத்த தேதியில் டாக்டரே கோர்ட்டில் வைத்து அவள் உடம்பைப் பார்த்து எழுதவேண்டும் என்று மனுப் போட்டு உத்தரவு வாங்கியிருந்தார் அவள் வக்கீலம்மா. அந்தத் தேதி பதினேழு. ஊரில் ஆளுக்கு ஆள் தழும்பை உதறிக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்தி தன்னுடையதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அதற்குத்தான். எங்களுக்கு அது உறைக்கவில்லை, வீம்பு என்று நினைத்தோம்.

ஒருநாள் பட்டறைக்கு எங்களை எல்லாம் வரச்சொல்லி, முடிச்சைப் பற்றிய உண்மையை அவளே சொன்னாள்.

"என்ற தப்புத்தானுங்க. ஆவி காட்டாமயே முடிச்சுப் போட்டுட்டேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலீங்க, எல்லாத்தையும் கொண்டாந்து குடுங்க, ஒருமணி நேரம் ஆவி காட்டிட்டா பட்டுல இருக்கறது பட்டோட நின்னுக்கும், வேற யாருக்கும் எறங்காது."

"ஒருமணி நேரமா?" என்றாள் சரசாள், தொண்டையைத் தடவிக்கொண்டே. "இஸ்திரிப் பெட்டி ஒரு நிமிசம் பட்டதுக்கே உசுரு போயிருச்சு அம்மிணி."

"எரியுமுங்க. ஒருமணி நேரந்தான்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். குழந்தை அழுகிறது என்று ஒருத்தி போனாள், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஒருத்தி போனாள், பிறகு காரணம் சொல்லாமலே எல்லாரும் போனோம்.

அந்த வாரம் பார்த்துத்தான் மிருணாளினி மேடம் வந்தார். சென்னையில் பெரிய துணிக்கடை வைத்திருப்பவர், மலையில் ஒரு பங்களாவில் தங்கிப் போக வந்தவர், தபாலாபீசில் சரசாளின் பையில் இருந்து எட்டிப் பார்த்த பட்டைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். ஒன்றுபோல ஒன்று இல்லாத அச்சு, இந்தப் பளபளப்பு, இந்த வெதுவெதுப்பு, இது எப்படி முடிகிறது என்று கேட்டார். திருமூர்த்தி மண்ணைப் பார்த்துக்கொண்டு "அது எங்க பட்டறைக் கைப்பக்குவமுங்க" என்றார். இருக்கிறதையெல்லாம் எடுத்துக்கொள்கிறேன் என்றார் மேடம். நாங்கள் பெட்டிகளைத் திறந்தோம். பாவம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் சென்னை எங்கேயோ இருந்தது, அங்கே யார் கழுத்தோ, நமக்குத் தெரிந்த கழுத்து ஒன்றுமில்லை. இரண்டு நாளில் ஊரின் தழும்பெல்லாம் மடிக்கப்பட்டு, மெல்லிய காகிதம் சுற்றப்பட்டு, வேனில் ஏறியது.

தடுக்க மகுடேஸ்வரி எழுந்து வரவில்லை, அவள் நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். ருக்குமணிதான் கஞ்சி ஊற்றிக்கொண்டு கூட இருந்தாள். இனி வருவதை எங்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு நல்லது நடக்கட்டும், தெளிவாக இருக்கும்போது சம்மதிக்கமாட்டாள், இப்போதே கட்டிவிடு என்று ருக்குமணியிடம் நாங்கள் சொன்னோம். மிச்சமிருந்த ஒரே ஒரு சுத்தமான பட்டை எங்களில் ஒருத்தி கொண்டுபோய்க் கொடுத்தாள். ருக்குமணி அழுதுகொண்டே அதை மகுடேஸ்வரியின் கழுத்தில் சுற்றினாள். விடிந்து அவிழ்த்தபோது எட்டு வருஷத்துக்கு முன்னால் பட்டறைக்கு வந்த அதே பெண்ணின் கழுத்து. மறுபடி அவளிடம் ஏறிவிடக்கூடாதே என்ற பயத்தில் ருக்குமணி அந்தப் பட்டை நேராகக் கொண்டுபோய் மேடத்தின் கையில் கொடுத்துவிட்டாள்.

மேடம் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அழகு அதுதான். பொன் நிறத்தில் வழிகிற மேகம், மேகத்துக்கு நடுவே நான்கு வெள்ளை இறகுகள். "இது விற்பதற்கில்லை, எனக்கு" என்று சொல்லி அங்கேயே கழுத்தில் கட்டிக்கொண்டு மலைப் பங்களாவுக்குக் காரில் ஏறினார்.

மகுடேஸ்வரி எழுந்து கண்ணாடியைப் பார்த்துப் போட்ட சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்து நாங்கள் சிரித்துக்கொண்டே ஓடினோம். அவள் தரையில் உட்கார்ந்து கழுத்தை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா அது? எங்க வெச்சிருக்கறீங்க?"

"போகட்டும் கண்ணு," என்றாள் ருக்குமணி. "போயே போயிருச்சு. பாரு, எத்தன லட்சணமா இருக்கறெ."

"பதினேழாந் தேதிக்கு டாக்டரு எதெப் பாப்பாரு?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தோம். ருக்குமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் மகுடேஸ்வரி கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தாள். சாயங்காலம் ருக்குமணியிடம் மெதுவாகச் சொன்னாள், "நல்லாத்தான் இருக்குதுக்கா. சட்டை பட்டா உறுத்தல, வேர்த்தா எரியல. அதுதான் எனக்குப் பயமாருக்குது."

மறுநாள் நல்லசிவம் பைக்கில் வந்தான். இறங்கவில்லை. வீட்டுக்கு முன்னால் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவள் கழுத்தைப் பார்த்தான், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான், பிறகு சிரித்தான்.

"நல்லாயிருச்சாட்டருக்குது. எதுமே ஆகாத பொம்பளைக்குக் கேசு எதுக்கு? பேசாம ஊட்டுக்கு வா. சட்டி தொடைக்க ஆளில்லாம அம்மா சிரமப்படுது."

ஹேண்டில்பாரில் இருந்த அவன் இடது கையின் விரல்கள் நான்கும் மேல்பக்கம் வெந்து சுருங்கியிருந்தன. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மிருணாளினி மேடத்தின் கார் மலை இறங்கி வந்து பட்டறை முன்னால் நின்றது. கண்வரை சால்வை போர்த்தியிருந்தார். உள்ளே வந்து சால்வையை எடுத்தார். நாங்கள் பார்த்துப் பழகிய தழும்புதான், ஆனால் அதை வேறொரு முகத்துக்குக் கீழே பார்த்தபோது எங்களில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கையில் இருந்த பட்டில் கொன்றைப்பூக்கள் திரும்ப வந்து வரிசையாக நின்றிருந்தன, மீன்களும் வந்துவிட்டன.

"இது யாரோடது?" என்றார் மேடம். "கண்ணை மூடினா கடலை எண்ணெய் வாசம் வருது. யாரோ என் தாடையப் பிடிச்சிருக்காங்க. யாரு அது? எனக்கு யாருன்னே தெரியாத ஒருத்தன் என்னை எதுக்குப் பிடிக்கறான்?"

திருமூர்த்தி தரையைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற மகுடேஸ்வரி, "என்னோடதுங்க" என்றாள்.

ருக்குமணி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாங் கண்ணு," என்று காதோரம் கெஞ்சினாள். "கேசு போனாப் போகட்டும். அந்தம்மாவுக்கு வசதியிருக்குது, பெரிய ஆஸ்பத்திரியாப் பாத்துக்குவாங்க. நீ பட்டது போதும், உட்ரு."

"அவன் புடிச்சது என்னெயத்தானுங்க்கா. அந்தக் கையெ இன்னொருத்தி கழுத்துல உட்டுட்டு நான் நிம்மதியா இருக்க முடியுமா?"

"எரியும்டீ. உன்னோடது உங்கிட்டயே திரும்புனா புதுசா எரியும்."

"தெரியுமுங்க்கா."

மேசையில் இருந்த சட்டங்களை எடுத்து வைத்துவிட்டுக் கம்பளியைத் தட்டி விரித்தார்கள். மேடம் படுத்தார், மகுடேஸ்வரி அவர் கழுத்தில் பட்டைச் சுற்றி, தலைமாட்டில் உட்கார்ந்து, தூக்கம் வரும்வரை நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். தகரக்கூரையில் வெயில் சுரீரென்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் மேடம் எழுந்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், குழந்தைபோல அழுதார். பட்டில் மேகமும் நான்கு இறகுகளும் திரும்பியிருந்தன. மகுடேஸ்வரி அதை வாங்கித் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு, அவர் படுத்த இடத்திலேயே படுத்தாள். எட்டு வருஷம் எதிர்ப்பக்கம் நின்ற ருக்குமணி அன்றும் எதிர்ப்பக்கமே நின்றாள். நாங்கள் ஜன்னலில் நின்றோம்.

தூக்கம் வர நேரமாகியது. வந்த பிறகு அவள் உடம்பு வில்லாக வளைந்தது, கால்கள் கம்பளியை உதைத்தன, வாய் திறந்திருந்தும் சத்தம் வரவில்லை, பட்டறை முழுக்கப் பஜ்ஜி சுடுகிற வாசம் பரவியது. அந்த வாசத்தில் எங்கள் வாயில் எச்சில் ஊறியதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊறியதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றோம். அவள் எழுந்தபோது பட்டு சுத்தமாக இருந்தது. அவளே அவிழ்த்து, ஆவிப்பெட்டியை மூட்டச் சொல்லி, ஒரு மணி நேரம் ஆவி காட்டி, மூலையில் முடிச்சுப் போட்டு மேடத்திடம் கொடுத்தாள். இருநூற்று நாற்பதில் ஒழுங்காக முடிந்தது அந்த ஒன்றுதான்.

பதினேழாம் தேதி டாக்டர் பார்த்தார். அவள் தலைமுடியை ஒதுக்கி, தாடையைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். எண்ணெய் மேலிருந்து கீழே வழிந்திருக்கிறது, இங்கே நான்கு இடங்களில் படவில்லை என்று சொல்லி எழுதினார். நீதிபதி நல்லசிவத்தின் இடது கையைக் காட்டச் சொன்னார். அவன் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. இரண்டாவது தரம் சொன்னபோதும் எடுக்கவில்லை, மூன்றாவது தரம் போலீஸ்காரர்தான் எடுத்துவிட வேண்டியிருந்தது. பிறகு ஏழு வருஷம் என்று தீர்ப்பானது. பஜ்ஜிக்கடை மூடிக் கிடக்கிறது. நாலு மணிக்கு எங்களுக்கு இன்னும் கால் அந்தப் பக்கம்தான் போகிறது, பாதி வழியில் திரும்பிவிடுகிறோம்.

மேடம் ஊருக்குத் திரும்பும்முன் ஒரு காரியம் செய்தார். வேனில் போனவை அதற்குள் விற்றுத் தீர்ந்திருந்தன, வாங்கியவர்களின் பெயரும் ஊரும் உள்ள தாளை வரவழைத்து மகுடேஸ்வரியிடம் கொடுத்தார். அவள் அதைப் பட்டறைக் கதவில் ஒட்டினாள். ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. யாருடையது யாரிடம் போயிருக்கிறதோ, அவரவர் போய் வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஆவி காட்டிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இருந்தாள். நாங்கள் அந்தத் தாளைப் படிக்கவில்லை. பட்டறைப் பக்கம் போகவேண்டியிருந்தால் ஓடையின் அந்தக் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். மழையில் எழுத்துக் கலங்கியதும் அவள் பிரதி எடுத்து மறுபடி ஒட்டினாள்.

இப்போது ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒன்று வேடிக்கையாக இருக்கும். மகுடேஸ்வரி கழுத்தில் எதையும் சுற்றுவதை விட்டுவிட்டாள். மொபெட்டில் போகும்போதும் காற்றுக்கு நேராகக் கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு போகிறாள். ஒரு கீறல்கூட இல்லாத கழுத்துகளை வைத்துக்கொண்டு நாங்கள்தான், சித்திரை வெயிலிலும், தாடைவரை கெட்டிப் பட்டைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறோம். வேர்க்கிறது, அரிக்கிறது, அவிழ்ப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். இருபத்திரண்டு வயது இருக்கும், கைகளில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது, தொண்டைக்குக் குறுக்கே தையல் போட்ட தழும்பு ஓடியது. கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று பஸ்ஸிலேயே யாரிடமோ சொன்னாளாம். நேராகத் தபாலாபீசுக்குப் போய், கையில் இருந்த கொன்றைப்பூப் பட்டைக் கவுண்டரில் வைத்துக் கேட்டாள்.

"இந்த ஊர்லேர்ந்து வந்த பட்டு கட்டினதுலேர்ந்து எனக்கு இப்படி ஆயிடுச்சுங்க. எந்த ஆபரேஷனும் நான் பண்ணிக்கல. இது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சரசாள் தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டே, "தெரியலீங்க" என்றாள்.

அந்தப் பெண் தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகக் கேட்டாள். நாங்கள் பட்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தெரியாது என்றோம், தெரியாது என்றோம், தண்ணீர் மட்டும் கொடுத்தோம். கடைசியில் டீக்கடை பெஞ்சில் திறந்த கழுத்தோடு உட்கார்ந்திருந்த மகுடேஸ்வரியைக் கண்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுக்கும் அந்தப் பட்டுலேர்ந்துதான் வந்துச்சா?"

"எனக்கு வல்லீங் கண்ணு. இது என்னோடதேதான்," என்றாள் மகுடேஸ்வரி. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, அந்தப் பெண்ணின் மருதாணிக் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லார் வாசலையும் கடந்து தபாலாபீசுக்கு நடந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம், ஏன் போனோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கவுண்டருக்கு முன்னால் அவளை நிறுத்தி, "சரசாக்கா," என்று கூப்பிட்டாள்.

சரசாளின் கையில் இருந்த முத்திரை நின்றது. தலையைத் தூக்கி, அந்தப் பெண்ணின் தொண்டையைப் பார்த்தாள். பிறகு அவள் கை மெதுவாகத் தன் கழுத்தில் இருந்த முடிச்சுக்குப் போனது. பின்னால் வரிசையாக நின்ற எங்கள் கைகளும், எப்போது போயின என்று தெரியாமலே, எங்கள் முடிச்சுகளின் மேல் இருந்தன. வெளியே அடுத்த பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.